செவ்வாய், வெள்ளி ஆடாத கை

அத்தியாயம் 5

"இவன் சூதாடி இல்லை," என்றார் துசியந்தி, பன்னிரண்டாவது தாளையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு. "இவன் கணக்கு வாத்தி."

கம்சிகாவுக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை. லண்டன் நோர்பரியில் ஒரு லோண்டரிக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், குளிருக்குப் போட்ட ஜக்கெட்டைக் கழற்றாமலே அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். கீழே மெஷின் துணி பிழியத் தொடங்கும்போதெல்லாம் மேசை நடுங்கியது. அதைப் பிடித்துக்கொள்ளும் சாக்கில் அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதுவும் ஒரு வசதிதான்.

துசியந்தி ஒன்பது வருடம் ஒரு வங்கியின் மோசடிப் பிரிவில் இருந்தவர். பிறகு அதை விட்டுவிட்டு, ஆட்கள் போலிஸிடம் கொண்டுபோக வெட்கப்படும் விசயங்களைத் தானே எடுத்து விசாரிக்கத் தொடங்கினார். இரவெல்லாம் வேறு ஒரு வழக்குக்காக ஒரு காருக்குள் குந்தியிருந்தாராம். பேசும்போது பாதிக் கண் மூடியிருந்தது. மீதிப் பாதிதான் தாள்களைப் படித்தது.

"கணக்கு வாத்தி கசினோவுக்குப் போகக்கூடாதோ அக்கா?" என்றான் ஜெராட். அவன் மன்னார்க்காரன். துசியந்தியின் உதவியாளன். அவன் வாய் சாப்பிடும்போது மட்டும்தான் வேறு வேலை செய்யும். "என்ரை கணக்கு வாத்தி குதிரைக்குக் கட்டினவர். குதிரையும் தோத்தது, நானும் பெயில்."

"நீர் கொஞ்சம் சும்மா இரும். பிள்ளை, நீ இன்னொருக்கா முதல்லையிருந்து சொல்லு. ஆறுதலா."

கம்சிகா சொன்னாள். வியாழக்கிழமை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மூன் பெங்குவின்' என்ற ஒன்லைன் கசினோ, தன் வாடிக்கையாளர் கணேசலிங்கத்துக்கு வருடச் சுருக்கத்தை அன்போடு அனுப்பியிருந்தது. கணேசலிங்கம் அவளுடைய அப்பா. லண்டனின் மிச்சம் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். சீட்டுக்கட்டைக்கூடக் கையால் தொடாதவர். ஆனால் கணக்கு அவர் பெயரில், அவர் கார்ட்டில், கடையின் மின்னஞ்சலில் திறந்திருந்தது. அப்பா முழு விபரத்தையும் எடுத்தார். பன்னிரண்டு பக்கம். கணக்கை மூடினார். பிறகு அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அண்ணா யதுசனின் மூஞ்சியில் வீசினார்.

"உடனை அண்ணாவிலை சந்தேகம் வந்தது ஏன்?"

"அண்ணா முந்தி விளையாடினவர். இரண்டு வருசத்துக்கு முதல், சேத்து வைச்சதெல்லாம் போச்சு. ஒரே இரவிலை எழுநூறு பவுண் விட்டவர். பிறகு தானே பதிவு செய்து தன்னைத் தடுத்தவர். எல்லாக் கசினோத் தளத்தையும் ஒரேயடியா மூடுற பதிவு. பதினாலு மாசம் அன்ரி, ஒருக்காலும் தொடேல்லை."

"இப்ப ஆள் எங்கை?"

"அப்பா வெளியிலை போ எண்டிட்டார். டெலிவரி வானுக்குள்ளை படுக்கிறார்." கம்சிகா கைபேசியை எடுத்தாள். சொல்ல முடியாத மீதியைக் கைபேசி சொன்னது. யதுசனின் குரல் களைத்திருந்தது, கோபம்கூட அதில் இல்லை.

"கம்சி, நான் விளையாடாமலே கள்ளன் எண்டால், விளையாடிப்போட்டே கள்ளனா இருக்கிறன். என்ரை ஒரு வருசப் பதிவு எப்பவோ முடிஞ்சுது. எடுத்துவிடச் சொல்லி இப்ப அடிச்சுச் சொல்லிப்போட்டன். இருபத்துநாலு மணித்தியாலம் யோசிக்கட்டாம். நாளைக்கு ஏழரைக்குத் திரும்ப அடிச்சு ஓம் எண்டால் எல்லாக் கதவும் திறக்கும்."

"இது எப்ப வந்தது?"

"நேற்று. இரவு ஏழரைக்கு."

சுவர் மணிக்கூட்டில் பகல் ஒன்று பத்து.

"சரி," என்றார் துசியந்தி. "ஆறு மணித்தியாலம் இருக்கு. தாளைப் பாப்பம். போன மார்ச் நடுப்பகுதியிலை கணக்குத் திறந்திருக்கு. திறந்த அண்டைக்கே, ஒரு சதம் போட முதல், ஆள் தனக்கு ஒரு எல்லை வைச்சிருக்கு. கிழமைக்கு இருபத்தைஞ்சு பவுண். நாப்பத்துமூண்டு கிழமையா ஒருக்காலும் எல்லையைக் கூட்டேல்லை. ஒவ்வொரு முறையும் அஞ்சு பவுண். இருபது நிமிசம் விளையாட்டு. வெண்டா அந்த நிமிசமே காசை வெளியிலை எடுக்குது. தோத்தா விட்டதைப் பிடிக்க ஓடாமல் மூடிப்போட்டுப் போகுது."

"ஒரே இரவிலை எழுநூறு விட்ட ஆள் இப்பிடி விளையாடுமோ?" என்றான் ஜெராட். "குடிகாரன் தேத்தண்ணிக் கரண்டியாலை குடிக்கிற மாதிரியெல்லோ இருக்கு."

"அதைத்தான் அப்பாவும் சொன்னவர்," என்றாள் கம்சிகா. குரல் கீழே போனது. "நல்லாப் பழகிட்டான் எண்டு. கவுன்சிலிங்கிலை அண்ணாவுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் குடுத்தவை. முதல்லையே எல்லை வை, நேரம் வை, விட்டதைத் துரத்தாதை, வெண்டதை எடு. எல்லாம் அதிலை இருக்கு. அதை அண்ணாதான் பிரிட்ஜிலை ஒட்டி வைச்சவர்."

"அப்ப பிரிட்ஜ் திறக்கிற எல்லாரிலையும் சந்தேகப்படோணும். எங்கடை வீட்டிலை எண்டால் நான் மட்டும்தான்."

துசியந்தி சிரிக்கவில்லை. ஒரு தாளின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "ஏன் இருபத்தைஞ்சு? நாளுக்கு அஞ்சு பவுண் எண்டால் கிழமைக்கு முப்பத்தைஞ்சு வரோணும். இரண்டு நாள் லீவு. எந்த இரண்டு நாள் எண்டு பாத்தன். பத்து மாசத்திலை ஒரு செவ்வாய் இல்லை. ஒரு வெள்ளி இல்லை." அரைக்கண் முழுதாய்த் திறந்தது. "அண்ணாவுக்கு எந்தெந்த நாள் வேலை, பிள்ளை?"

கீழே மெஷின் நின்றிருந்தது. மேசை நடுங்கவில்லை. கம்சிகா இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு."

"செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டபுள் ஷிப்ட்," என்றாள் கம்சிகா. "பன்னிரண்டிலையிருந்து நடுச்சாமம்வரைக்கும். கைபேசியைத் தொட ஏலாது." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும் அன்ரி. தாளைப் படமெடுக்கேக்கையே கண்டிட்டன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சால் முடிஞ்சுது. அண்ணா எனக்குச் சத்தியம் பண்ணினவர். ஆனா... முந்தியும் சத்தியம் பண்ணினவர்தானே. நான் நம்புறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை."

நம்பாமலே ஒருத்தி அண்ணனைக் காப்பாற்ற வரலாமா என்பதுதான் மூன்று இரவாய் அவளை உறங்கவிடாமல் வைத்த கேள்வி. சொல்லி முடித்ததும் மூக்கு ஒழுகியது. ஜெராட் ஒரு டிசுவை நீட்டினான்.

"புதுசுதான். கோழி துடைச்சதில்லை."

"ஜெராட், ஒரு படம் கீறும்," என்றார் துசியந்தி. "கீழை மாசம். பக்கத்திலை மணி. ஒவ்வொரு கிழமையும் எந்த நேரத்துக்குப் பிறகு காசு போடேல்லை எண்டு ஒரு புள்ளி."

ஜெராட் தாளின் பின்பக்கத்தில் புள்ளி வைக்கத் தொடங்கினான். நாற்பத்துமூன்று புள்ளி. முடிக்கும்போது மூன்று தேநீரும் ஆறிவிட்டிருந்தன.

"இதென்ன, என்ரை வயித்தைப் பாத்துக் கீறின மாதிரி வந்திருக்கு?"

உண்மையில் அது ஒரு தொப்பை. மார்ச்சில் ஆறு மணிக்கு மேல் ஒரு போடுகையும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு புள்ளி ஒரு மணித்தியாலம் மேலே பாய்ந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, ஜூனில் ஒன்பது பத்து. அங்கிருந்து இறக்கம். ஒக்டோபர் கடைசியில் ஒரு மணித்தியாலம் தொப்பென்று விழுந்தது. டிசம்பரில் மூன்றே முக்கால்.

"மணிக்கூடு மாத்திற நாளிலை பாயுது," என்றார் துசியந்தி. "இது ஷிப்ட் இல்லை. லண்டனிலை எந்த முதலாளியும் இப்பிடி ஷிப்ட் குடுக்கிறேல்லை."

"ஆள் சோலார் பனல்லை ஓடுதோ?"

"சூரியன் போன பிறகு காசு போடாத ஆள். செவ்வாய் வெள்ளி காசு போடாத ஆள். பிள்ளை, இது ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா எப்பிடிப்பட்ட ஆளெண்டு உனக்குத் தெரியும்."

கம்சிகா அந்தத் தொப்பையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்டால் 'நேற்றெல்லோ கேட்டிருக்கோணும்' என்று கேட்கும் வீடு. அடுத்த வீட்டு மரியநாயகி அன்ரி ஒருநாள் மாலை அவசரமாய் இருபது பவுண் கேட்டு வந்தபோது, விடியட்டும் என்று அனுப்பிய வீடு.

"விளக்கு வைச்ச பிறகு காசு வெளியிலை குடுக்கிறேல்லை," என்றாள் மெதுவாக. "செவ்வாய் வெள்ளியிலையும் குடுக்கிறேல்லை. குடுத்தால் வீட்டிலை இருக்கிறதும் சேர்ந்து போயிடுமாம்."

"கசினோவுக்குக் காசு போடலாம், ஆனா லட்சுமி கோவிக்காத நேரமாப் பாத்துப் போடோணும்," என்றான் ஜெராட். "எங்கடை மன்னார்க் கத்தோலிக்க ஆக்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. எந்த நாளும் எந்த நேரமும் போகும்."

"அண்ணா உதெல்லாம் பாக்கிறவரோ?" என்றார் துசியந்தி.

கம்சிகா நிமிர்ந்தாள். "இல்லை! அந்த எழுநூறு விட்டதே வெள்ளிக்கிழமை இரவு!" அண்ணன் எழுநூறு பவுண் தொலைத்த நாளை நினைத்து உலகத்தில் யாரும் இவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப விளக்கு வைக்கிறது ஆர்?"

"வீட்டிலை அந்த நேரம் ஒருத்தரும் நிக்கிறேல்லை. கடையிலைதான் வைக்கிறது. சாமிப் படத்துக்கு முன்னாலை. அப்பாதான்..."

அப்பாவின் பெயர். அப்பாவின் கார்ட். கடையின் மின்னஞ்சல். அப்பா கொளுத்தும் விளக்கு. தான் செய்துவிட்டு அண்ணாவை வெளியே போட்டாரா? சந்தோசம் போன இடத்தில் ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. கோபத்துக்குப் பயத்தைவிடச் சூடு அதிகம். அவள் ஜக்கெட்டின் சிப்பைத் திறந்துவிட்டாள்.

"கடை எத்தினை மணிமட்டும்?" என்று எழுந்தார் துசியந்தி. முழங்கால் சத்தமாய் நெட்டி முறித்தது. "வாங்கோ, பஸ் எடுப்பம்."

மிச்சம் பகுதியில் இறங்கியபோது மணி நாலாகவில்லை. ஆனால் வானம் அன்றைய வேலையை முடித்துக்கொண்டிருந்தது. ஜெராட் முன்னால் போய் ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வந்தான். எட்டுப் பவுண். பிறகு மூவரும் பஸ் தரிப்பில் நின்று கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துப்பறியிற வேலை எண்டு சொல்லிப்போட்டு எண்ணெய்ப் போத்தலோடை குளிர் காயிறன்," என்றான் ஜெராட். "அம்மா அறிஞ்சால் பெருமைப்படுவா."

நாலு இருபதுக்கு உள்ளே மங்கலாய் ஒரு சுடர் எழுந்தது. அப்பாதான். தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டு, கும்பிட்டோ கும்பிடாமலோ, பெட்டி பிரிக்கப் போனார்.

கம்சிகா முதலில் உள்ளே போய், மீன் ப்ரீசருக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா தவநாயகி கல்லாவில் இருந்தாள். "எங்கை போனனி? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. சாப்பிட்டியோ?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். வியாபாரத்தில் மீதி கொடுப்பதற்கு விளக்குத் தடையில்லை. துசியந்தி வந்து முருங்கைக்காயை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஜெராட் வந்தான்.

"அண்ணை, இந்த எண்ணெய் சரிவராதாம். வீட்டிலை பேச்சு விழுகுது. காசைத் திருப்பித் தாறீங்களோ?"

அப்பா பெட்டியை வைத்துவிட்டு வந்தார். "ரிசீட் இருக்கோ? இருக்கெல்லே. சரி." கல்லாவின் லாச்சியைத் திறந்து ஐந்து பவுண் தாளில் கை வைத்துவிட்டார். விளக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாச்சி மூடியது. மூடியது அம்மாவின் கை.

"இஞ்சாருங்கோ, விளக்கு வைச்சாச்செல்லே! தம்பி, குறை நினைக்காதையும், இந்த நேரம் காசாக் குடுக்கிறேல்லை. அந்தக் காசுக்குச் சாமான் எடும். இல்லாட்டிக் காலமை வாரும்."

"உவவுக்கு எப்பவும் உதுதான்," என்றார் அப்பா ஜெராட்டிடம். "சப்ளையர் வந்தாலும் வெள்ளியெண்டால் திருப்பி விடுவா. நான் பாத்துப் பாத்துக் களைச்சுப் போனன்." அவர் பெட்டிகளுக்குத் திரும்பிப் போனார்.

ப்ரீசரின் குளிர் கம்சிகாவின் முதுகுவழியே ஏறியது. துசியந்தி முருங்கைக்காயோடு பக்கத்தில் வந்தார்.

"விளக்கைக் கொளுத்திறவர் வேறை," என்றார் காதோடு. "விளக்குக்குப் பயப்பிடுறவ வேறை."

"அன்ரி, வேண்டாம். வாங்கோ போவம். நான் காசு தாறன், எல்லாம் தாறன், போவம்."

"போகலாம். உன்ரை வழக்கு. நீ சொன்னால் நான் இந்த முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு போறன். இப்ப மணி நாலரை."

அண்ணாவை வெளியே எடுக்க அம்மாவை உள்ளே தள்ள வேண்டும். இதை ஏன் ஒருவரும் அவளுக்கு முதலிலேயே சொல்லவில்லை? ப்ரீசருக்குள் பாரைமீன்கள் ஒரே திசையில் பார்த்துக் கிடந்தன. ஏழரைக்கு வானுக்குள் இருந்து ஒரு விரல் ஒரு இலக்கத்தை அழுத்தும். அதற்குப் பிறகு கண்டுபிடித்து என்ன?

"கேளுங்கோ," என்றாள் கம்சிகா.

துசியந்தி கல்லாவில் முருங்கைக்காயை வைத்தார். காசைக் கொடுத்தார். மிகச் சாதாரணமாக, விலை கேட்பதுபோலக் கேட்டார்:

"அக்கா, போன வெள்ளிக்கிழமை பெங்குவினுக்கு எவ்வளவு போட்டனீங்கள்?"

"வெள்ளிக்கிழமையிலை ஆரும் காசை வெளியிலை..."

தவநாயகியின் வாய் திறந்தபடி நின்றது. மீதிச் சில்லறை கையில் இருந்தது. கொடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாலுபேர் நிற்கத்தான் இடம் இருந்தது. ஜெராட் கல்லாவைப் பார்த்துக்கொண்டான். அப்பா, "என்ன கூட்டம்? ஆர் இவை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா தலை நிமிராமல் சொன்னாள். ஒரே வசனம்தான். "அது நான்."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். கத்துவார் என்று கம்சிகா தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. வியாழக்கிழமையே எல்லாவற்றையும் கத்தி முடித்திருந்தார்.

"அண்டைக்கு நீ பக்கத்திலைதானே நிண்டனி. ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவனைத்தான் கேட்டனீங்கள். என்னைக் கேக்கேல்லை."

"உன்னை ஏன் நான் கேக்கப்போறன்?"

"அதுதான்," என்றாள் அம்மா.

வெளியே கதவு மணி அடித்தது. "வெங்காயம் முடிஞ்சுதாம் அண்ணை," என்று ஜெராட்டின் குரல் வந்தது.

"என்ரை பிள்ளையைத் திண்டது என்னெண்டு பாக்கோணும்போலை இருந்தது," என்றாள் அம்மா துசியந்தியிடம். குடும்பத்திடம் சொல்வதைவிட அந்நியரிடம் சொல்வது அவளுக்கு லேசாக இருந்தது. "அதைப் பாத்தால் விளங்கும், விளங்கினா அவனுக்குச் சொல்லலாம் எண்டு நினைச்சன். அந்த இங்கிலிஸ் துண்டை இவள்தான் எனக்கு வாசிச்சுச் சொன்னவள். எல்லை வைக்கோணும். நேரம் வைக்கோணும். அப்பிடியே செய்தன். ஒண்டும் பிசகேல்லை. கடையிலை சனமில்லாத நேரம் இருபது நிமிசம். அந்த இருபது நிமிசம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. இஞ்சாரப்பா இல்லை, அம்மா இல்லை, அக்கா பருப்பு எங்கை இல்லை."

கம்சிகாவுக்கு அந்த மார்ச் மாதத்து மாலை வந்தது. அம்மா சமையலறையில் நின்று, 'இன்னொருக்கா வாசி, அந்த ரெண்டாவது' என்றாள். அண்ணாவுக்காக என்று நினைத்து ஒவ்வொரு வரியாய் மொழிபெயர்த்தாள். எவ்வளவு தெளிவாய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"எவ்வளவு போச்சு?" என்றார் அப்பா.

"போட்டது ஆயிரத்து எழுபத்தைஞ்சு. எடுத்தது நானூற்று அறுபத்துமூண்டு. போனது அறுநூற்றுப் பன்னிரண்டு." அம்மா தாளைப் பார்க்காமல் சொன்னாள். "மூண்டு நாளா வாயிலை வந்து வந்து நிண்டது. அவன் போகேக்கை என்னைத்தான் பாத்தவன். நான் பானையைக் கழுவிக்கொண்டு நிண்டன்."

துசியந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, இதை எனக்குச் சொல்லி வேலையில்லை. சொல்லவேண்டிய ஆள் வானுக்குள்ளை இருக்கு. ஏழரைமட்டும்தான் நேரம்." என்ன நேரம், எதற்கு என்று கம்சிகா சொன்னாள். அப்பா உடனே கைபேசியை எடுத்து அடித்தார். மணி போய்ப் போய் நின்றது. மறுபடி அடித்தார். மூன்றாம் முறையும் அடித்தார்.

"என்ரையிலை அடியுங்கோ," என்றாள் அம்மா.

இரண்டாம் மணியிலேயே எடுத்தான்.

"என்னம்மா."

"யது, அந்தப் பெங்குவின். அது நான் மோனை."

அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வானுக்கு வெளியே யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள். அப்பா கைபேசிக்கு நேரே குனிந்து, "தம்பி, நான்..." என்று தொடங்கினார். வசனத்துக்கு முடிவு கிடைக்கவில்லை.

"எல்லை வைச்சனீங்களோ?" என்றது கடைசியில் யதுசனின் குரல்.

"ஓம். இருபத்தைஞ்சு. தாண்டேல்லை. ஒருக்காலும் தாண்டேல்லை."

"எனக்கு ஒரு கிழமைகூட அது ஏலாமல் இருந்தது." அவன் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பாய் இல்லாமலும் இருக்கலாம். "சரி. நீங்கள் கெட்டிக்காரி. அப்ப ஒண்டு செய்வமோ? நான் என்ரை பதிவைப் புதுசா அஞ்சு வருசத்துக்குப் போடுறன். நீங்களும் உங்கடை பேரிலை போடுங்கோ. ரெண்டுபேரும் சேர்ந்து, இண்டைக்கே."

முடிந்தது. மூன்று இரவு முடிந்தது. கம்சிகா அம்மாவைப் பார்த்தாள், ஓம் என்ற சொல்லுக்காக.

அம்மா அரிசி மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருசமோ?" என்றாள். "ஏன் மோனை அவ்வளவு? எனக்குத்தான் கட்டுப்பாடு இருக்கே. அந்தக் கணக்கையும் அப்பா மூடிட்டார்..."

துசியந்தி கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஒன்பது வருடம் வங்கியில் கேட்ட வசனமாக அது இருந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. கம்சிகாவுக்கு விளங்கியது. அந்தத் தொப்பைப் படம் ஒரு ஒழுக்கத்தின் படம் என்று அவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்து மாதம், ஒரு கிழமைகூட அம்மா அதை விட்டிருக்கவில்லை. காய்ச்சல் கிடந்த கிழமைகூட. அவள் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் செத்துப்போன கிழமைகூட.

"அம்மா," என்றான் யதுசன். குரலில் இருந்த களைப்பு போய், வேறு ஏதோ வந்திருந்தது. "அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ? அவரைக் கத்தவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் வாறன்."

"இப்பவோ?"

"இப்ப. ஏழரைக்கு ஒரு போன் அடிக்க இருந்தன். இனி அடிக்க நேரமில்லை, ட்ராபிக் கிடக்கு." வான் கதவு இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது. "விளையாடினது கடை டப்லெட்டிலைதானே? அதைக் கம்சியிட்டைக் குடுங்கோ. நான் வந்து சேருமட்டும் அவள் வைச்சிருக்கட்டும். ஒரு தளத்தை மூடினா இன்னும் நூறு இருக்கு அம்மா. எனக்குத் தெரியும்."

"அதிலை கடைக் கணக்கெல்லாம் இருக்கு மோனை."

"குடுங்கோ அம்மா."

அம்மா கல்லாவுக்குப் போனாள். கீழ்த்தட்டில் பொலித்தீன் பைகளுக்கு அடியிலிருந்து டப்லெட்டை எடுத்து வந்தாள். சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். நீட்டினாள். கம்சிகா இரண்டு கையாலும் பிடித்து வாங்கினாள்.

வரவில்லை. அம்மாவின் விரல்கள் மறுபக்கத்தில் இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையவோ விரல்களைப் பார்ப்பதுபோல.

"விடுங்கோ அம்மா," என்றாள் கம்சிகா. "அண்ணா வந்துகொண்டிருக்கிறார்."